எங்கள் வளவு ஓணான்களின் முதலாமிடம்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று எழுபத்தொரு வயது வரை நம்பியிருந்தேன். (முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு வேறென்ன நம்பிக்கை வரும்?)

பண்டத்தரிப்பில் எங்கள் வளவுக்கு மூன்று பக்கம் மதில், பதினொரு வரிக் கல். நின்ற மரங்களை வெட்டி, முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டிருந்தேன். நாலாம் பக்கம் மட்டும் மச்சானின் கிளுவை வேலி, நட்டுத் துளிர்த்த கம்புகளாய் அறுபத்தெட்டுக் கதியால். என் முற்றத்தில் நாளுக்குச் சராசரி இருநூற்றுப் பத்து இலை விழும். அந்த வேலியை வெட்டி மதில் கட்டவேண்டும் என்று சனசமூக நிலையத்தில் மனுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முடிவு.

அந்தக் கிழமை முழுக்க மச்சானின் மகள் ஆரணி, பல்கலைக்கழகப் படிப்புக்காக, இரண்டு வளவிலும் ஓணான்களைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, பின்னங்கால்களை அளந்து, திரும்ப விட்டுக்கொண்டிருந்தாள். கொப்பியை எட்டிப் பார்த்தேன். கடைசி நிரலில் எங்கள் வளவுக்கு ஒன்பது, மச்சானுக்கு இரண்டு. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்தியவனுக்குப் புள்ளியைப் பார்த்தால் தெரியாதா?

ஞாயிறன்று நாற்பத்திரண்டு பேர் முன்னால் எழுந்தேன்.

"விஞ்ஞானமே தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. துப்புரவான வளவிலை வளருற ஓணானுக்கு ஒன்பது புள்ளி. உந்தப் பத்தைக்குள்ளை வளருறதுகளுக்கு வெறும் இரண்டு!"

கைதட்டினார்கள். (பதினேழு பேர்.)

ஆரணி எழும்பினாள். "மாமா, அது புள்ளி இல்லை. இடக்காலுக்கும் வலக்காலுக்கும் உள்ள வித்தியாசம்."

"ஓம், அதிலைதானே நாங்கள் முதலாவது?"

"வித்தியாசம் கூடினால் கூடாது மாமா. மரத்தை வெட்டிச் சீமெந்து போட்டால் நிழலும் இல்லை, ஈரமும் இல்லை. முட்டைக்குள்ளை இருக்கேக்கையே குஞ்சின்ரை வளர்த்தி பிசகலாம். உங்கடை வளவு ஓணானுகளுக்கு ஒரு கால் நீளம், மற்றக் கால் கட்டை."

மச்சான் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "மச்சான், உங்கடை ஓணானுகளுக்கு ஊன்றுகோல் வாங்குவமோ?"

இம்முறை நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள். (என் மனைவி உட்பட.)

வேலி தப்பியது. என் மதிலோரச் சீமெந்தை உடைத்துக் கிளுவை நடவேண்டும் என்று மனைவியே பிரேரிக்க, ஏகமனதாக நிறைவேறியது. இருபத்துநாலு கதியால் நட்டேன், இருபத்திரண்டு துளிர்த்துவிட்டன. இப்போது இலைகளை எண்ணுவதில்லை. (எண்ணுகிறேன், வெளியில் சொல்வதில்லை.)

போன தவணை எங்கள் பேத்தி வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தாள். றிப்போட்டை அவள் நீட்ட, மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"வடிவாய்ப் பாத்துச் சொல்லு பிள்ளை. உது உண்மையான முதலாமோ, இல்லாட்டி அம்மப்பாவின்ரை ஓணான் முதலாமோ?"