டபுள்செக் கல்யாணமும் என் ஸ்டிக்கரும்

பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். இழுத்துப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் அத்திபெலே வரை போன பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த பம்பு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் கிளார்க் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் டபுள்செக்.

பஸ் போர்டைப் படிப்பார், பிறகு கண்டக்டரைக் கேட்பார், ஏறி உட்கார்ந்தபின் பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். "குட் மார்னிங்" சொன்னால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். ஒருமுறை தார்ப்பாய் கட்டி, கேட்டைத் தாண்டிவிட்ட லாரியை நிறுத்தி, அத்தனை பெட்டியையும் இறக்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது. "சரியா இருக்குதுன்னு இப்பதான சார் தெரியுது" என்றார். லாரி டிரைவர் சொன்ன பதிலை வாரப் பத்திரிகையில் போட முடியாது.

இப்படிப்பட்டவருக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு அத்திபெலேயில் பெண் அமைந்தது. அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பெண்ணின் மாமா, "மாப்ள பக்கம் ஆளுங்கன்னு யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டுவிட்டார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் குடியிருந்த சிவாஜிநகர் சந்துகளில் அவருக்குத் தெரியாத ஆளே கிடையாது. "பாருங்க சார், சிவாஜிநகரே வந்து எறங்கும்" என்று சொல்லி, கல்யாணக் கார்டு அனுப்ப வேண்டிய முகவரிகளை என்னிடம் ஒப்படைத்தார்.

ஏன் என்னிடம்? எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர் மேதை நான்தான். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் எடுத்ததற்குக் கிடைத்த பட்டம். "கையால எழுதறதா? எக்செல்ல அடிச்சு மெயில் மெர்ஜ் போட்டா ஸ்டிக்கர் ஸ்டிக்கரா வந்து விழும்" என்றேன்.

சிவாஜிநகர் வீட்டு எண்களில் முக்கால்வாசி 11/9, 5/6 என்று நடுவில் சாய்கோடு போட்டவை. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்துக்கொண்டு மாதப் பெயரைக் காட்டியது. மேதை விடுவானா? ஃபார்மட்டை மாற்றினேன். திரையில் மறுபடி 11/9 என்று சமர்த்தாக நின்றது. நான் மாற்றியது மேல்சட்டையைத்தான். உள்ளே அது தேதியாகவே உட்கார்ந்திருந்தது. எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டியிருந்தால் வம்பே இல்லை. மெயில் மெர்ஜ் மேல்சட்டையைக் கண்டுகொள்ளாமல், உள்ளே இருந்ததை எடுத்து 11/9/2003 என்று அச்சடித்துத் தள்ளியது.

முதல் பக்கம் முழுக்க ஆபீஸ்காரர்கள், சாய்கோடு இல்லாத முகவரிகள். நான் பார்த்தது அந்த ஒரு பக்கம்தான். மிச்சத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டே, உறையில்லாத அந்தக் கார்டுகளில் முகூர்த்தத் தேதிக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒட்டினேன்.

கார்டுக் கட்டை வாங்கிக்கொண்ட டபுள்செக், "நீங்க பாத்துட்டீங்களா சார்?" என்றார்.

"பாத்துட்டேன்."

"அப்ப சரி" என்று நேராகத் தபாலில் சேர்த்துவிட்டார். பெயரை வைத்தே ஆளைத் தெரிந்த தபால்காரர்கள், வீட்டு எண்ணைப் பார்க்காமலே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஆவணியில் கல்யாணம். அத்திபெலே மண்டபத்தில் பெண் வீட்டார் பக்கம் உட்கார இடமில்லை. எங்கள் பக்கம் ஆபீசிலிருந்து வந்த நாங்கள் சிலரும், நிறைய காலி நாற்காலிகளும். மாமா அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடையிலிருந்து டபுள்செக் வாசலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி வாசலைப் பார்ப்பார். பொறுக்க முடியாமல் வெளியே ஓடி, அவருடைய நெருங்கிய சிநேகிதரான லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் சிவாஜிநகர் பாய்க்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கா கல்யாணம்? இன்னா சார் நீங்க. தேதிய மாத்திட்டு, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிகீறீங்க. செப்டம்பர் பதினொண்ணுன்னு போட்டுகீதே" என்றார் பாய்.

என் கம்ப்யூட்டர் அறிவெல்லாம் வேர்வையாக இறங்கியது. மேடையேறி மாப்பிள்ளையின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் வாசலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மாமாவிடம் திரும்பி, "எங்காளுங்க பின்னாடி வருவாங்க. இன்னிக்கு இவருதான் எங்கண்ணன்" என்றார். அவரைவிட நான் பத்து வயதாவது சின்னவன். சம்பந்திக்குப் போட வேண்டிய மாலையை நான்தான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கல்யாணமான கையோடு டபுள்செக் அத்திபெலேயில் குடியேறிவிட்டார். பிறகு நிஜமாகவே வந்தார்கள், அவரவர் வீட்டு எண் சொன்ன தேதியை நம்பி. 5/6-காரர், ஜூன் ஐந்து எப்போதோ போய்விட்டதால், "கார்டு லேட்டா வந்துச்சுபா, கோச்சுக்காத" என்று அடுத்த ஞாயிறே வந்தார். 4/10-காரர் அக்டோபரில் குடும்பத்தோடு மண்டபத்துக்குப் போய், யார் வீட்டுக் காதுகுத்திலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் வீட்டைத் தேடி வந்தார். 8/12-காரர் டிசம்பரில் சுவர்க்கடிகாரத்தோடு வந்தார். டபுள்செக் அதைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு மாட்டினார்.

நான் போயிருந்தபோது அவர் மனைவி சொன்னார்: "இவருக்கு யாருமே இல்லன்னு எங்க மாமா சொன்னாருண்ணா. இங்க காபித்தூள் வாங்கி மாளல."

கிளம்பும்போது டபுள்செக்கைத் தனியாகக் கேட்டேன். "எல்லாத்தையும் ரெண்டு தரம் பாப்பீங்களே, அந்த ஸ்டிக்கர மட்டும் ஏன் விட்டீங்க?"

"நீங்கதான் பாத்துட்டேன்னு சொன்னீங்களே சார். அப்புறம் நானும் பாத்தா, உங்கள நம்பலன்னு ஆயிடும்ல."

சொல்லிவிட்டு, நான் ஏற வேண்டிய பஸ்ஸின் போர்டைப் படித்து, கண்டக்டரையும் ஒரு வார்த்தை கேட்டு, என்னை ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து எதை அச்சுக்கு அனுப்பினாலும் நான் இரண்டு தடவை பார்க்கிறேன், இந்தப் பக்கத்தையும் சேர்த்து. இரண்டாவது தடவை, அவருக்காக.