மாப்பிள்ளை விட்டுச் சென்ற ஜார்ஜ்

பாளையங்கோட்டை,
மே மாதம், மத்தியான வெயில்.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை எபி அவர்களுக்கு மாமா நேசையா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை ஜெபகனியும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீங்களும் எங்கள் மகள் ரீபாவும் பெங்களூரில் போர்வை போர்த்தித் தூங்குவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். இதைக் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அதில் உங்கள் அப்பா அம்மாவும் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் கண்ணில் படவேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கருவூலத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்கள் சொன்ன குறையைக் கேட்டுக்கேட்டே ஓய்வு பெற்றவன் நான்.

விஷயம் ஜார்ஜைப் பற்றியது. புது வீட்டுக்காரர் வளர்ப்புப் பிராணி கூடாது என்று சொல்லிவிட்டதாகவும், வேறு வீடு அமையும்வரை மட்டும் இங்கே இருக்கட்டும் என்றும் சொல்லி அவரைக் காரில் கொண்டுவந்தீர்கள். விரல் நீளத்தில், கறுத்த முதுகும் ஆரஞ்சு வயிறுமாக இருந்த அவரைப் பல்லி என்று அத்தை சொன்னதும் உங்கள் முகம் வாடியதைக் கவனித்தேன். பல்லி இல்லை, தண்ணீரிலும் தரையிலும் வாழ்கிற நியூட் என்று திருத்தினீர்கள். அன்றிலிருந்து, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்பதால், நாங்கள் அவரை 'அது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய கண்ணாடித் தொட்டி நம் வீட்டு வாசற்படியில் இடித்து உடைந்தது யாருடைய தவறும் இல்லை. தொட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தது நான்தான், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனில் பேசியது நீங்கள்தான் என்பதை இங்கே எழுதவேண்டிய அவசியமும் இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் என்று நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். ஜார்ஜ் டிபன் டப்பாவில் இருந்தார்.

"பாதி தண்ணீர், பாதி தரை, நடுவில் ஒரு சரிவு, அவ்வளவுதான் மாமா, ரொம்ப ஈஸி" என்று புதுத் தொட்டியைப் பற்றிப் போனில் சொன்னீர்கள். அந்த ஈஸியைத் தேடித் தச்சநல்லூரில் மீன்தொட்டி விற்கும் காசிலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் தனக்குத் தெரியாது என்று எதையும் சொல்கிற மனிதர் இல்லை. "நியூட்டா? நம்ம ஊரு அரணைக்கு வெள்ளைக்காரன் வச்ச பேருல்லா அது!" என்றார். "அது தண்ணியிலயும் கிடக்கும், தரையிலயும் கிடக்கும் அண்ணாச்சி" என்றேன். "அப்பம் ஆமைக்கு உள்ள சாமானைக் கொண்டுபோங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்று தொட்டியும், தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டாரும், வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஒரு பிளாஸ்டிக் முதலையும் கட்டிக்கொடுத்தார். முதலை வேண்டாம் என்றதற்கு, "துணைக்கு இருக்கட்டும்" என்றார். வீட்டில் வைத்து மோட்டாரைப் போட்டதும் ஜார்ஜ் மிக்ஸியில் போட்ட புதினா மாதிரி சுழன்றார். அத்தை அலறியடித்து மெயின் சுவிட்சையே அணைத்தாள். மாடியில் குடியிருக்கிறவர்கள் இறங்கி வந்து கரண்ட் ஏன் போனது என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு தரை. கூரில்லாத கூழாங்கல்லும் மணலும்தான் அவர் காலுக்கு நல்லது என்றீர்கள். காலையிலேயே ரேஷன் பையோடு தாமிரபரணிக்குப் போய், படித்துறைக்குப் பக்கத்தில் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"என்ன பெரியவரே, ஆத்து மண்ணை அள்ளிக்கிட்டுப் போறீரு?"

"நியூட்டுக்கு சார்."

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு நியூட் இருக்கு சார். மருமகன் கொண்டாந்து விட்டுட்டுப் போனது. கொஞ்ச நேரம் தண்ணியில கிடக்கும், கொஞ்ச நேரம் மண்ணுல கிடக்கும். நான்தான் கூடவே இருந்து பாத்துக்கிடுதேன்."

அவர் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பேரப்பிள்ளை எடுக்க வேண்டிய வயசுல பேசுத பேச்சா வே இது?" என்றார். அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று எனக்கு உறைத்தது. அவசரமாகப் போனில் இருந்த ஜார்ஜின் படத்தைக் காட்டினேன். "அரணைன்னா அரணைன்னு சொல்லும்வே!" என்றார். அந்த நேரம் பின்னால் மணல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அதற்கு வழிவிட்டார். லாரி போன புழுதி அடங்கியதும், "பாதியைத் திருப்பி ஆத்துல கொட்டிட்டுப் போம். சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். கொட்டினேன். அரசாங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கைநீட்டாமல் வேலை பார்த்தவன் மாப்பிள்ளை நான். மீதி மணலில் தொட்டிக்குப் போக மிஞ்சியதை, வீணாக்க மனமில்லாமல், அடுப்படியில் மண்பானைக்கு அடியில் பரப்பிவிட்டாள் அத்தை.

சரிவு அமைந்தது, பாசி வைத்தோம், ஒதுங்குவதற்குக் கொட்டாங்கச்சி கவிழ்த்தோம். இனிமேல் நிம்மதி என்று உட்கார்ந்தால், இருபது டிகிரிக்கு மேல் அவர் தாங்கமாட்டார் என்று போன் செய்தீர்கள். இங்கே நாற்பதில் மனிதர்கள் நடமாடுகிறோம் என்பதை நான் சொல்லவில்லை. மறுவாரமே ஏ.சி. வந்து இறங்கியது. அன்று உங்கள் அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது அவளுடைய கருத்து, என்னுடையது இல்லை: "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அடுப்படியில நின்னு வேர்த்து வடியுதேன், கேக்க நாதியில்ல. ஒரு பல்லிக்கு வேர்க்குமோன்னு பெங்களூருல இருந்து பெட்டி வருது!"

ஆனால் ஏ.சி. வந்த செய்தி தெருவில் பரவியதும் நம் வீட்டில் பக்தி பெருகியது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு முன்பெல்லாம் ஆள் பிடித்து உட்கார வைப்போம். இப்போது ஜார்ஜின் அறையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் சபைக் குருவானவர் முன்பு நம் வீட்டில் சுருக்கமாக ஜெபித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போது, "ஆண்டவரே, இந்த அறைக்குள்ள வந்தாலே ஒரு இளைப்பாறுதலை உணருதோம்" என்று ஆரம்பித்து, உலகத்தில் உள்ள எல்லா நாடுகளுக்காகவும் தனித்தனியாக ஜெபிக்கிறார். ஐஸ்லாந்துக்குக்கூட ஜெபித்தார். யாரும் கண்ணைத் திறக்கவில்லை, பாதிப்பேர் தூங்கியிருந்தார்கள்.

அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் பக்கத்து வீட்டு டார்லின் டீச்சர், ஜார்ஜின் வயிறு உண்மையிலேயே ஆரஞ்சுதானா என்று பார்ப்பதற்காகத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். திருப்பி மூடியதாகத்தான் இன்றுவரை சொல்கிறார். கடைசி ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் தொட்டியில் பிளாஸ்டிக் முதலை மட்டும்தான் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. "யாரும் காலைக் கீழ வைக்காதீங்க!" என்று கத்தினேன். தூக்கிய காலோடு சபை முழுவதும் அப்படியே நின்றது. குருவானவர் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டார். கட்டிலைப் புரட்டினோம், பீரோவை நகர்த்தினோம், ஹார்மோனியத்துக்குள்கூடத் தேடினோம். காணோம்.

எல்லோரும் போனபிறகு அத்தை தரையில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்" என்று அழுதாள். தினமும் சாயங்காலம் போன் எடுத்தால் நீங்கள் முதலில் கேட்பது "ஜார்ஜ் எப்படி இருக்காரு?" என்றுதான், மாமா எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்டவரைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் கையாலாகாத்தனத்துக்கு என் மகள் அங்கே பேச்சுக் கேட்கவேண்டி வருமோ என்று நினைத்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். அழுது தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கப் போன அத்தை அடுப்படியில் இருந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பைய வாங்க. சத்தம் காட்டாதீங்க. இங்கன இருக்காரு."

மண்பானை கசிந்து நனைந்திருந்த அந்த மணலில், ஓய்வுபெற்ற தாசில்தார் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசிலிங்கம் கடைத் தொட்டி வேண்டாம், ஏ.சி. வேண்டாம், ஜெபக்கூட்டமும் வேண்டாம் என்று வெக்கை அடிக்கும் அடுப்படியில் ஈரமண்ணைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நாங்கள் இரண்டுபேரும் அப்படியே தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அத்தை முந்தானையால் அவரை அள்ளித் தொட்டியில் விட்டாள்.

இனிமேல் என்னால் முடியாது மாப்பிள்ளை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. காலையில் எழுந்ததும் வேதத்தைத் திறக்கவேண்டிய நான், மண்வெட்டியோடு அவர் தீனிக்கு மண்புழு தேடிப் போகிறேன். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன், வீடு அமைந்தாலும் அமையாவிட்டாலும், தாங்களே நேரில் வந்து ஜார்ஜை அழைத்துப் போகவும். இதில் மாற்றமில்லை. ரீபா அழுதாலும் மாற்றமில்லை.

மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை. உங்கள் வாசலையும் வண்டியையும் வேலையையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. ரீபாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
நே. நேசையா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் அத்தை வந்து தொட்டியைப் பார்க்கக் கூப்பிட்டாள். தண்ணீர்ச் செடியின் இலைகள் பீடா மடித்ததுபோல் ஒவ்வொன்றாக மடிந்திருந்தன. ஒன்றைப் பிரித்தால் உள்ளே வெந்த ஜவ்வரிசி போல ஒரு முட்டை. எல்லா மடிப்பிலும் முட்டை. ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்கவேண்டாம், வரவும் வேண்டாம். "தலைப்பிரசவம் நம்ம வீட்டுல ஆயிருக்கு. பச்ச உடம்புக்காரியைக் காருல தூக்கிப்போட்டு பெங்களூருக்கு அனுப்புனா ஊரு என்ன சொல்லும்?" என்று அத்தை கேட்கிறாள். எனக்கும் அதுதான் நியாயமாகப்படுகிறது. இனி ஜார்ஜ் என்று கூப்பிடுவது முறையில்லை என்பதால் ஜார்ஜம்மாள் என்று மாற்றியிருக்கிறோம். சுகமாக இருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான், அதில் நான் தலையிடமாட்டேன். மூத்தவனுக்கு மட்டும் என் தகப்பனார் பெயரை வைத்துவிட்டேன்.