பதினொரு ஆண்டுகளில் ஒரே ஒரு கோல்

இன்வர்கெல்டி
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் மர்டோ அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கை ஐல்சாவும் நலம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் முழங்கால்கள் இரண்டும் புதிதாகவே இருக்கின்றன. அவற்றுக்கு வேலை வைக்காத தங்களுக்கு நன்றி.

சனிக்கிழமை நடக்கும் பழைய வீரர்கள் ஆட்டத்துக்குத் தாங்கள் எழுதிய பட்டியலைக் கிளப் வாசலில் பார்த்தேன். கோல்கீப்பர்: மர்டோ. மாற்று: ஃபின்லே. தலை நரைத்த பிறகும் இதே வரிசையா? ஸ்காட்லாந்தில் கோல் காத்துச் சம்பளம் வாங்கியவர்களில் என் கணக்கை எவரும் நெருங்க முடியாது. பதினொரு ஆண்டுகளில் நான் விட்டது ஒரே ஒரு கோல். தாங்கள் விட்டது நானூற்றுச் சொச்சம். அத்தனை ஆட்டத்திலும் தங்களுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதுவது மரியாதையல்ல.

அந்த ஒரு கோலைப் பற்றித்தான் போன மாத விருந்தில் எழுந்து நின்று பேசினீர்கள். ஊரே சிரித்தது. தாங்கள் விட்டுவிட்ட பாதிக் கதையை நான் சொல்கிறேன். ஜனவரி மாதம், கடலிலிருந்து ஆலங்கட்டியோடு காற்று. வழக்கம்போல என்னிடம் ஆட்டுக்கறியை மாவில் பொதிந்து சுட்ட ஒரு மட்டன் பையை நீட்டி, "மாப்ளே, இடைவேளைக்குச் சூடா இருக்கணும், பாத்துக்க" என்றீர்கள். பதினொரு ஆண்டுகளாக அதுதானே என் உத்தியோகம்? கையுறைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாற்பதாவது நிமிஷம் விரல் பிசகி வெளியே வந்தீங்க. கோச் கத்துறாரு, "ஃபின்லே, அங்க என்னய்யா அடைகாக்குற, உள்ள போ." போனேன். முதல் பந்து, குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்துச்சு, பிடிச்சேன், கையுறையெல்லாம் ஆட்டுக் கொழுப்பு, பந்து வழுக்கிக் காலுக்கு நடுவுல போயிடுச்சு. திரும்பிப் பாக்குறேன், நீங்க என் இடத்துல உக்காந்து அந்த மட்டன் பையைத் தின்னுக்கிட்டிருக்கீங்க. இன்னைக்கும் மீன் வறுக்கிற கடையில, "கையத் துடைச்சியா ஃபின்லே?"ன்னு கேட்டுட்டுத்தான் பொட்டலத்தைக் குடுக்குறான். ஐல்சா என்ன சொல்றா தெரியுமா? "எங்கண்ணன் பசி தாங்கமாட்டாரு, தெரிஞ்சதுதானே."

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பந்து. அதைச் சுத்தமான கையால் பிடிக்க வேண்டும். ஆகவே திட்டவட்டமாகத் தெரிவிக்கிறேன்: சனிக்கிழமை கோலில் நான் நிற்பேன், பெஞ்சில் தாங்கள் உட்காருவீர்கள். இல்லையென்றால் மைதானத்துப் பக்கமே என்னைப் பார்க்க முடியாது.

தங்கள் வீட்டார் அனைவரும், தங்கள் பத்து விரல்களும் நலமோடு இருக்க விரும்பும்,

தங்கள் தங்கை கணவன்
ஃபின்லே

பி.கு.: சனிக்கிழமை பனி கொட்டும் என்று வானொலியில் சொன்னார்கள். மட்டன் பை ஒன்றா, இரண்டா என்று வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள், பேக்கரியில் தீர்ந்துவிடும். இம்முறை இரண்டு ஜோடி கையுறை கொண்டுவருகிறேன். ஒன்று மட்டன் பைக்கு, ஒன்று பந்துக்கு.