முதல் நாற்காலி

எல்லைகளை யாரும் அளந்து பார்த்திராத ஆசீர்புரி என்னும் நாட்டில், வீடுதோறும் சாப்பாட்டு மேசையின் முதல் நாற்காலி காலியாகவே இருக்கும். அது படைத்தவருக்கு. அவரிடம் ஜெபித்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். சிலை வைக்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மன்னரின் கண்ணை அந்த நாற்காலி உறுத்தியது. படைத்தவருக்குப் பயப்படுகிறவர்கள் தனக்குப் பயப்படவில்லையே! மந்திரி ஞானசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமன்னா, கடவுளை விடச் சொன்னால் கலகம் வரும். சிலை வைக்கச் சொன்னாலும் வரும். சிலையென்றால் கல், மரம் என்று மட்டுமே இவர்களுக்குத் தெரியும். ஆகவே அவரை நாம் அகற்ற வேண்டாம். சற்றுத் தள்ளி உட்காரச் சொல்வோம்."

முதல் ஆணை வந்தது: அவசரமான பொருள் எதையும் முதல் நாற்காலியில் வைக்கலாம். ஒருவர் மகனின் மதிப்பெண் பட்டியலை வைத்தார். ஒரு வாலிபன் பைக்கையே உள்ளே உருட்டி வந்து சாய்த்து வைத்தான். பதினைந்து வயது எப்சிபா, தன்னை எத்தனை பேர் மெச்சினார்கள் என்று மணியடித்துச் சொல்லும் கண்ணாடியை வைத்தாள். அரண்மனை இலவசமாகக் கொடுத்ததுதான்.

இரண்டாம் ஆணை: நாற்காலியில் இருப்பதை முதலில் கவனிப்பது நலம். சோறு ஆறியது. மதிப்பெண் பட்டியல் வீட்டுப் பையன் தூக்கத்தை விட்டான். ஜெபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை.

ஒரு மதியம் எப்சிபாவின் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது.

"மக்ளே, அந்த மருந்தை எடுத்துத் தா."

அதே நேரம் கண்ணாடி மணியடித்தது.

"இந்தா வாறேம்மா" என்றாள் எப்சிபா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். நாற்பது பேர் மெச்சியிருந்தார்கள். நாற்பத்தொன்றாவது ஆளுக்காகக் காத்திருந்துவிட்டுத் திரும்பினால், அம்மா தரையில் கிடந்தாள். வைத்தியர் வந்து எப்படியோ பிழைக்கவைத்தார். இன்னொரு முறை தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்சிபா அரண்மனைக்கு ஓடினாள்.

"ஐயா, மணியடிச்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடணும்னு சட்டம் இருக்காமே. எங்க வீட்டுக்கு மட்டும் விலக்கு குடுங்க. இல்லன்னா அம்மா செத்துருவா."

மந்திரி ஏடுகளைப் புரட்டினார்.

"மூன்றாம் ஆணையாக அதை எழுதினோம், பெண்ணே. முரசறையப் போன ஆள் பாதியில் திரும்பி வந்துவிட்டான். வீதி முழுக்க ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறதாம். மையை ஏன் வீணாக்குவது என்று விட்டுவிட்டோம்."

அப்போதுதான் எப்சிபாவுக்குப் புரிந்தது. அம்மா கூப்பிட்டும் தான் உட்கார்ந்திருந்தது எந்தச் சட்டத்துக்கும் பயந்து அல்ல.

"அப்போ, கண்ணாடியை எடுத்துப் போட்டுட்டு நாற்காலியை படைச்சவருக்கே விட்டா என்ன தண்டனை?"

மந்திரி ஏடுகளை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

"தண்டனை எதுவும் எழுதவில்லை. எவரேனும் எடுப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவேயில்லை."

அவசரமாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தாயே, இதை மட்டும் வெளியில் சொல்லிவிடாதே."