நாலு கதவும் ஒரு ரகசியமும்

நடந்தவை, வரிசைப்படி:

1. நான்கு கதவுகளையும் சாத்தினேன்.
2. விசில் ஊதினார்கள்.
3. மொத்த ஆபீஸும் பொட்டலுக்கு ஓடியது.
4. மேற்பார்வை பார்க்கும் போர்மேனுக்குக் கால் பிசகியது.
5. எனக்கு வேலை போனது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் நேர்மை. (அலட்சியம் என்றால்கூட மன்னித்திருப்பார்கள்.)

செல்போன் வீட்டுக்கு ஒன்று வந்துகொண்டிருந்த காலம். கணினி அறிவியல் படித்த கையோடு மனநல ஆலோசனையில் பட்டயமும் வாங்கியிருந்தேன். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸ் (தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) முதலாளி, தொழிலாளிகளின் மனக்குறை கேட்க ஆள் தேடினார். விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் மகளான எனக்குப் பட்டாசு வெடிக்கத் தெரியும். செய்கிற இடத்தைப் பார்த்ததில்லை. பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கையெழுத்து மட்டும் போட்டேன். மனப்பாடம் செய்த என்னுடைய விதிகளே நிறைய இருந்தன. தீங்கு செய்யாதே, ரகசியம் காப்பாற்று, இப்படி.

வெடிமருந்து இல்லாத காலி ரூம் ஒன்றை ஒதுக்கினார்கள். ஆரம்பத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்பதற்குச் சம்பளம் என்றால் யார் நம்புவார்கள்? முதலாளியின் உளவாளி என்றார்கள் சிலர். வருமான வரிக்காரி என்றார்கள் சிலர். கல்யாணத் தரகர் என்று நம்பிய ஓர் அம்மா மட்டும் மகளின் ஜாதகத்தோடு வந்தார்.

பிறகு, திரி வைக்கும் முத்துமாரி அக்கா வந்தார். (பெயரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன். தேட வேண்டாம்.)

"ஏந்தாயி, நான் சொல்லுறத மொதலாளிகிட்டச் சொல்லிப்புடுவீகளா?"

"மாட்டேன்க்கா."

"போர்மேன் காதுக்குப் போனா என் வேலை போயிரும். ரெண்டு பிள்ளைக இத நம்பித்தான் பள்ளிக்கூடம் போகுதுக."

"இந்த அறையைத் தாண்டாதுக்கா."

"எங்கன இருக்கு அறை? நாலு பக்கமும்ல தொறந்து கெடக்கு."

நியாயமான கேள்வி. எழுந்து நான்கு கதவுகளையும் சாத்தினேன். அக்கா பதறி எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆரம்பத் தயக்கம் இயல்பு என்று பாடத்தில் படித்திருந்ததால், "பயப்படாம உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். அழுதுகொண்டே சொன்னார். (மருந்துக்கும் தீக்கும் சம்பந்தமில்லாத விஷயம். யார் உயிருக்காவது ஆபத்து என்றால் ரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டு.)

விசில் கேட்டது.

ஆள் உள்ளே இருக்கும்போது கதவு எதையும் மூடக் கூடாது. தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓட வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட தாளில் அதுதான் முதல் விதியாம். மூடிய ரூமுக்குள் அழுகைச் சத்தம் கேட்ட போர்மேன், முதலில் விசிலை ஊதினார்; விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டார்.

"ஏலே, எல்லாத்தையும் அங்கனயே போட்டுட்டு ஓடுங்கலே!"

எல்லாரும் ஓடினார்கள். அவர்தான் விழுந்தார்.

பொட்டலில் முதலாளி வந்து நின்றார்.

"எதுக்கும்மா கதவச் சாத்துன?"

"ரகசியம் காக்க, அண்ணாச்சி."

கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது.

"அப்படி என்ன சொன்னா அவ?"

முத்துமாரி அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லக் கூடாது, அண்ணாச்சி."

"சம்பளம் குடுக்கது நானா, அவளா?"

"நீங்கதான். ஆனா சொன்னது அவங்க."

காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த போர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதலாளி, இந்தப் பிள்ள எதையோ மறைக்குது."

"அதுதான் சார் என் வேலை."

முதலாளி அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"தலவலி மொதலாளி. அதச் சொல்லயில அழுக வந்துருச்சு."

"தலவலிக்கு நாலு கதவா?"

யாரும் நம்பவில்லை. கதவைச் சாத்தியது நான்தான், அக்கா தடுக்கப் பார்த்தார் என்றேன். அது உண்மையும்கூட. ஆகவே, போனது என் வேலை மட்டும்.

வாசல் வரை கூடவே வந்த தொழிலாளி ஒருத்தி, "வேலையே போயும் வாயத் தொறக்கலையே. வீடு எங்கன இருக்கு?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை வாசலில் ஆபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் எண்ணெய் வாங்கவில்லை. அம்மா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னடி செஞ்ச அங்க?" என்றாள். சொல்ல முடியாது என்றேன். அந்தப் பெண்களிடம் நடந்ததைக் கேட்டிருந்த என் அண்ணன், போர்மேனைப் போலவே காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "மொதலாளி, இந்தப் பிள்ள எதையோ மறைக்குது" என்றான். இன்றும் வீட்டில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார்கள். என் கணவருக்குக் கல்யாணத்தன்றே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இப்போது விருதுநகர் பக்கம் சூலக்கரையில் ஆலோசகராக இருக்கிறேன். முத்துமாரி அக்கா அதே ஆபீஸில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னது என்னவென்று அம்மா இன்னும் கேட்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை.