கிரேனக்காவின் கடைசிச் சம்பளம்

"முடியாது" என்றாள் கிரேனக்கா.

டை கட்டிய அதிகாரி, தான் இன்னும் தொகையையே சொல்லவில்லை என்பதைப் பணிவாக நினைவுபடுத்தினார்.

"சரி, சொல்லுங்க. கேட்டுட்டு முடியாதுங்கறேன்."

அவர் சொன்னார். மருமகனுக்குக் குடித்த டீ புரையேறியது. கிரேனக்காவின் கணவர் தையல்காரர். துணியை அளப்பவர்போல் அந்தத் தொகையைக் கண்ணாலேயே ஒருமுறை அளந்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் கூரையோடு கூரையாக ஓடும் கிரேனை ஆயுசு முழுக்க ஓட்டி, போன வருஷம் ஓய்வுபெற்றவள் கிரேனக்கா. அவளுக்கு மாதாமாதம் ஒரு சின்ன பென்ஷன் வருகிறது, சாகும்வரை வரும். கம்பெனிக்கு இப்போது அந்தப் பழைய பென்ஷன்களைத் தலைமுழுக ஆசை. 'மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்' என்று வீடு வீடாக ஆள் அனுப்புகிறது.

அதிகாரி போனதும் மருமகன் ஆரம்பித்தான். "மாசம் வர்றது கரண்டுக்கும் கேஸுக்குமே சரியாப் போயிடுது. யானைப் பசிக்குச் சோளப்பொரி, அத்தை."

"யானையை யாரு வளர்க்கச் சொன்னது?"

அவன் வளர்க்க நினைத்த யானை, கார் கழுவும் கடை. மூலையில் ஒரு காலி இடத்தையும் பார்த்து வைத்திருந்தான்.

"அம்மா, பிடிவாதம் பிடிக்காதே" என்றாள் மகள்.

"பிடிவாதம் பிடிச்சுதான்டி அந்தப் பென்ஷனே வந்தது."

அது உண்மை. பென்ஷனைக் கணக்கிடுவது கடைசிச் சம்பளத்தை வைத்து. அந்தக் கடைசிச் சம்பளம் யாரும் தட்டில் வைத்து நீட்டியதல்ல. கிரேன் ஓட்டும் ஆண்களுக்கு ஒரு சம்பளம், அவளுக்குக் குறைச்சலாக ஒரு சம்பளம் என்று வெகுகாலம் நடந்தது. ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்பு ஒருநாள், கொக்கியில் குழாய்க் கட்டு தொங்கிக்கொண்டிருக்க, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே மேனேஜர் கத்தினார், கெஞ்சினார், பிறகு கையைக் கூப்பினார். "சரிசமமா எழுதிட்டு வாங்க, இறங்கறேன்" என்றாள். சாயங்காலம் எழுதிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு ஏறிய சம்பளம்தான் இன்றைக்குப் பென்ஷனாக வருகிறது. அதை வாங்க வங்கிக்குப் போகும்போது அவள் இஸ்திரி போட்ட புடவைதான் கட்டுவாள்.

"எனக்குக் கடை கிடையெல்லாம் வேண்டாம்" என்றார் தையல்காரர். "கண்ணை மூடறதுக்குள்ள ஒரு பெரிய தொகையைச் சேர்த்துப் பார்த்துட்டா போதும்." சொல்லிவிட்டு இருமினார்.

கல்யாணமான வாரத்திலிருந்தே சாகக் கிடப்பவர் அவர். திங்கட்கிழமை மூச்சு பிடிக்கும், வியாழக்கிழமை முதுகு. ஆறு வயது மூத்தவளைக் கட்டிக்கொண்டதே, கடைசி காலத்தில் பார்த்துக்கொள்ளப் பக்குவமான ஆள் வேண்டும் என்றுதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

மறுவாரம் அதிகாரி மறுபடி வந்தார். ஆளை ஒரேயடியாக விரட்டிவிடலாம் என்று கிரேனக்கா ஒரு யோசனை செய்தாள்.

"தம்பி, எங்க வம்சத்துல யாரும் சீக்கிரம் போறதில்ல. எங்க பெரியம்மா இப்பவும் தண்ணிக்குடம் தூக்கறாங்க. நானும் நூறு வரைக்கும் உங்க கம்பெனியை விடமாட்டேன். போய்ச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். தொகை ஏறியது.

மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தை, அந்தப் பெரியம்மா கதையை இன்னொரு தடவை சொல்லுங்களேன். பக்கத்து இடத்தையும் சேர்த்து வாங்கிடலாம்." மறுநாளே மூலை இடத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டான், அதுவும் மனைவியின் வளையலை அடகு வைத்து.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நீண்ட ஆயுசுக்கு விலை ஏறுகிறதென்றால், குறைந்த ஆயுசுக்கு இறங்கத்தானே வேண்டும்? மூன்றாம் முறை அதிகாரி வந்தபோது கிரேனக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"நெஞ்சுல ஏதோ கோளாறு, தம்பி. அதிக நாள் தாங்காது. எனக்குப் போய்ப் பெரிய தொகையா? கம்பெனிதான் நஷ்டப்படும், விட்டுடுங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா கம்பெனி செலவுல ஒரு முழுப் பரிசோதனை செஞ்சிடலாம் மேடம். வீட்டுக்காரருக்கும் சேர்த்தே."

ஓசிப் பரிசோதனை என்றதும் தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய எக்ஸ்ரேக்களை ஒரு பை நிறையக் கட்டி எடுத்துக்கொண்டார். பரிசோதனைக் கூடத்தில் அவளை உட்காரவைத்து நாடி பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவரை ஓடவிட்டார்கள், ஊதவிட்டார்கள், குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். வெளியே வந்தபோது அவர் முகத்தில் திருப்தி வழிந்தது. "இத்தனை வருஷத்துல என் உடம்பை மதிச்சது இவங்கதான்" என்றார்.

இரண்டே நாளில் செய்தி வந்தது. தொகை இரட்டிப்பு.

அன்றைக்கு வீடு இரண்டுபட்டது. மகள் வெறும் கையைத் தடவிக்கொண்டு அழுதாள். மருமகன் அப்போதே கார் கழுவுகிறவன்போல் வியர்த்துப் போயிருந்தான். "நான் போனதுக்கு அப்புறம் அந்தப் பென்ஷனை வச்சு நீ தனியா என்ன பண்ணப் போறே?" என்று தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கிரேனக்கா எல்லாரையும், உயரத்திலிருந்து பார்ப்பதுபோல, நிதானமாகப் பார்த்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் கலக்கம்தான். மகளின் கை அவளை உறுத்தியது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. நம்மகிட்ட இருக்கறதைச் சின்னதுன்னு நாமதான் சொல்லிக்கிட்டிருக்கோம். அதுக்கு ஒருத்தன் விலையை ஏத்திக்கிட்டே போறான்னா, அது சின்னதில்ல. பாரம் எவ்வளவுன்னு கயிறு முறுக்கறதைப் பார்த்தே சொல்றவ நான். கயிறு நல்லா முறுக்குது. விக்கமாட்டேன்."

"அப்போ என் முன்பணம்?"

"பென்ஷன்ல மாசாமாசம் கொஞ்சம் கொடுத்து முதல்ல வளையலை மீட்கறேன். உங்க யானைக்கு நீங்களே தீனி போடுங்க, மாப்பிள்ளை."

மறுநாள் காலை அதிகாரி கடைசி முறையாக வந்தார். கூடவே இரத்தம் எடுக்க ஒரு நர்ஸ். "இன்னும் ஒரு பரிசோதனை போதும் மேடம், மேலிடத்துல இன்னும் கொஞ்சம் ஏத்தித் தரச் சம்மதிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

கிரேனக்கா ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, கையை மேஜைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கோம்மா. எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்கோ. என் உடம்பைப் பார்த்து அவங்க பயப்படட்டும். நான் கையெழுத்துப் போடப்போறதில்ல."

தையல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நர்ஸ் ஊசியோடு அக்காவைச் சுற்றிக்கொண்டு நேராக அவரிடம் போய், அவருடைய சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"உங்களுக்கு வேண்டாம்மா. உங்களுக்கு அப்புறம் அந்தப் பென்ஷன் ஐயாவுக்குத்தானே போகும்? இந்த உடம்பு நூறைத் தாண்டும்னு டாக்டர் சொன்னதுல இருந்துதான் கம்பெனியில யாருக்கும் தூக்கம் இல்ல."