குடவாசல் ரோட்டில் கிளட்சுக்கு ஏர் எடுத்த கதை

கூச்சம் பெண்பிள்ளைக்கு அழகு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அந்த அழகால் எங்கப்பாவின் குத்தகை நிலம் ஒரு நாள் கைவிட்டுப் போகப் பார்த்தது.

மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் ஊருக்கு ஊர் வழக்கு நடந்த காலம். அப்பாவை வெளியேற்றச் சொல்லி எங்கள் மிராசுதாரும் மனு போட்டிருந்தார். விசாரணைக்கு அப்பா போகாவிட்டால் நிலம் மிராசுதாருக்கு. பஸ்ஸில் போயிருக்கலாம். "மாப்பிள்ளை கார் இருக்கையில பஸ்ஸா?" என்றார் அப்பா. (மாப்பிள்ளை என்றால் என் வீட்டுக்காரர். கார் என்றால் அவர் வாடகைக்கு ஓட்டிய கிழட்டு வண்டி. தரையில் துருப்பிடித்த ஓட்டை வழியே ரோடு தெரியும்.) சோற்றுத் தூக்கோடு நானும் ஏறினேன்.

குடவாசல் தாண்டியதும் கியர் கறகறவென்று கத்தியது. கிளட்ச் பெடல் பொத்தென்று அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏர் புடிச்சிருக்கு. நீ டிரைவர் சீட்டுல உட்காரு. மிதின்னா அடிவரைக்கும் மிதிச்சுப் புடி, விடுன்னா விடு. குழாயில இருக்கிற காத்து வெளிய வந்தாத்தான் வண்டி நகரும்" என்று சொல்லிவிட்டு அவர் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.

காலைத் தூக்கினேன். ஓட்டைக்குக் கீழே, விபூதியோடு, அவர் நெற்றி!

புருஷன் தலைக்கு நேர் மேலே காலை வைப்பதா? சீட்டில் குப்புறக் கவிழ்ந்து, இரண்டு கையாலும் பெடலை அமுக்கினேன். பாதி தூரம்தான் போயிற்று.

"அடியில முட்டுதா?"

"முட்டுதுங்க." (முட்டியது ஸ்டியரிங்கில் என் தலை.)

மிதி, விடு. மிதி, விடு. ஆயில் பாட்டில் காலியாகிக்கொண்டே வந்தது. காற்று வரவில்லை. அப்பா குடையோடு ரோட்டில் நின்று வெயிலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது கூலி உயர்வு கேட்டுக் கொடியோடு ஒரு ஊர்வலம் வந்தது. அதிலிருந்து ஒரு அக்கா காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தங்கச்சி, எதையாவது தொலைச்சிட்டியா?" அடுத்த நிமிஷமே கத்தினாள்: "அண்ணே! இது கையால அமுக்குது!"

என் வீட்டுக்காரர் கரி முகத்தோடு வெளியே வந்தார். "ஏன்டி?"

"உங்க தலை... கீழ இருந்துச்சுங்க."

கோஷம் நின்றுபோய் ஊர்வலமே சிரித்தது. அப்பா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"தள்ளு தங்கச்சி. எனக்கு அது வெறும் டிரைவர் தலைதான்" என்று அந்த அக்கா ஏறி உட்கார்ந்து, சேற்றுக் காலால் ஓங்கி மிதித்தாள். குபுகுபுவென்று காற்று வந்தது.

ரோட்டை அடைத்து அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தபடி நின்றது. உள்ளே இருந்தவர்தான் எங்களை விசாரிக்க வேண்டிய அதிகாரி. அவருக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அன்றைக்குக் கிடைத்தது வாய்தா. அப்புறம் வாய்தா வாய்தாவாக அலைந்து, அப்பா ஓய்ந்துபோன பிறகுதான் குத்தகை அவர் பேரில் பதிவாயிற்று.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இப்போது இடுப்பு வலி. சாயங்காலமானால் பாயில் குப்புறப் படுத்து, "மிதி" என்கிறார். எனக்கும் முட்டி வலிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி மிதிக்கிறேன், காலால்.

அடுப்படியிலிருந்து மருமகள் குரல் கொடுக்கிறாள்: "அத்தை, ஏர் வருதா?"